போகன்ஃபெல்ஸ் பாறை வளைவுக்கு நாமே வண்டி ஓட்டிச் செல்லலாமா?

கேள்வி: நமீபியாவின் தென்மேற்குக் கடற்கரையிலுள்ள போகன்ஃபெல்ஸ் பாறை வளைவைப் பார்க்க விரும்புகிறோம். ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாடகைக்கு எடுத்து, லூடரிட்ஸ் நகரிலிருந்து நாங்களே ஓட்டிச் செல்லலாமா? அங்கிருந்து நினைவாகக் கல் ஒன்று எடுத்து வரலாமா?

பதில்: அனுமதிச் சீட்டும் அங்கீகாரம் பெற்ற வழிகாட்டியும் இல்லாமல் அங்கே போக முடியாது; எவ்வளவு வலுவான வண்டியாக இருந்தாலும் இதே விதிதான். 1908ஆம் ஆண்டு லூடரிட்ஸ் அருகே வைரம் கிடைத்தவுடன், அன்றைய ஜெர்மானிய ஆட்சி அந்தக் கரையோரப் பாலைவனத்தை 'ஸ்பெர்கெபீட்', அதாவது தடை செய்யப்பட்ட பகுதி என்று அறிவித்தது. 2008இல் அது தேசியப் பூங்காவான பிறகும் கட்டுப்பாடு நீங்கவில்லை. எனவே லூடரிட்ஸில் உள்ள பயண ஏற்பாட்டாளரிடம் உங்கள் பாஸ்போர்ட் விவரங்களை முன்கூட்டியே கொடுத்து அனுமதி பெற்றுவிடுங்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

லூடரிட்ஸிலிருந்து தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு. போய்த் திரும்ப ஒரு நாள் முழுவதும் ஆகும். வழி நெடுகிலும் சரளையும் மணலும்தான். மணல் ஆழமாகச் சேர்ந்த இடங்களில் டயரின் காற்றைக் குறைத்தால் அது அகலமாகப் பதிந்து புதையாமல் நகரும்; கெட்டித் தரைக்கு வந்தவுடன் மறுபடியும் காற்றடித்துக்கொள்ள வேண்டும்.

வழியில் வரும் போமோனாவில் அவசரப்படாதீர்கள். வைரத்துக்காக எழுந்து, பின்னர் கைவிடப்பட்ட ஊர் அது. பழைய வீடுகளின் பலகைகளில் மென்மையான பகுதியைக் காற்றும் மணலும் அரித்துவிட்டதால், மரத்தின் வரிகள் புடைத்து நிற்கின்றன; விரலால் தடவினால் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். பக்கத்திலுள்ள இடாடால் பள்ளத்தாக்கில் தொழிலாளர்கள் வரிசையாக மண்டியிட்டு ஊர்ந்து, தரையிலிருந்தே வைரங்களைப் பொறுக்கினார்கள். பாறையைவிட இந்த இடமே என் மனத்தை அதிகம் வருத்துகிறது.

போகன்ஃபெல்ஸ் என்ற ஜெர்மன் சொல்லுக்கு வளைவுப் பாறை என்றே பொருள். சுமார் 55 மீட்டர் உயரமுள்ள அந்த வளைவை அலையும் காற்றும் குடைந்திருக்கின்றன. குளிர்ந்த பெங்குவெலா நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுவதால் மூடுபனி அடிக்கடி சூழும். பாலைவனம்தானே என்று எண்ணாமல், காற்றுப் புகாத மேலங்கி கொண்டு செல்லுங்கள். காற்று வீசும்போது வண்டியின் கதவைக் கையால் பிடித்தபடியே திறங்கள். விட்டுவிட்டால் கீல் வளைந்துவிடும்.

கல் எடுத்து வரும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். உரிமம் இல்லாமல் பட்டை தீட்டாத வைரத்தை வைத்திருப்பது அங்கே குற்றம். சாதாரணக் கல்லே என்று சோதனைச் சாவடியில் வாதாடும் நிலைக்கு உங்களை ஆளாக்கிக்கொள்ள வேண்டாம். 1908இல் முதல் வைரத்தைக் கண்டெடுத்து மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்த ரயில்பாதைத் தொழிலாளி ஸகரியாஸ் லெவாலாவுக்கே வெகுமதி எதுவும் கிடைக்கவில்லை. காலணிக்குள் புகுந்த சரளையைக்கூட அங்கேயே தட்டிவிட்டு வண்டியில் ஏறுங்கள்.