ஸ்பிரிங் பேலன்ஸ்: உங்க கேள்விகளும் என் பதில்களும்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு ஒரே பதில்தான். யாரு என்ன கேட்டாலும் நான் ஜீரோகிட்டயே போய் நிக்கிறேன்னு சலிச்சுக்காதீங்க, அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறீங்க.

கே: தராசு தப்பா காட்டுது சார், என்ன பண்றது?

எத்தனை நியூட்டன் (விசையோட அலகு) வரைக்கும் அளக்கிற தராசு, என்ன தொங்கவிட்டீங்க, எவ்ளோ காட்டுச்சு, எதையும் சொல்லாம கேட்டா நான் என்ன ஜோசியமா பாக்குறது? ஒண்ணும் மாட்டாம சும்மா தொங்கவிடுங்க, முள்ளு ஜீரோல நிக்குதான்னு பாருங்க. பாத்துட்டு மறுபடி எழுதுங்க.

கே: ஆறாம் வகுப்பு படிக்கிற பொண்ணுக்கு வாங்கணும். 50 நியூட்டன் வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகிடும்ல?

ஆகாது. பென்சில் பாக்ஸ் ஒரு 200 கிராம் இருக்கும், அதாவது 2 நியூட்டன். 50 நியூட்டன் தராசுல அதை மாட்டினா முள்ளு லேசா அசையும், அவ்ளோதான், குழந்தைக்கு போரடிச்சுடும். 5ல ஒண்ணு, 10ல ஒண்ணு வாங்குங்க.

கே: வீட்ல எடைக்கல்லு இல்ல. எதை மாட்டி பாக்குறது?

தண்ணிய. 100 மில்லி தண்ணி 100 கிராம், கிட்டத்தட்ட 1 நியூட்டன். அரை லிட்டர்னா 5. காலி பாட்டிலை முதல்ல மாட்டி அது எவ்ளோன்னு பாத்து கழிச்சுக்கணும். ஒரு கிலோவோட எடை 9.8 நியூட்டன், அந்த 9.8ஐ 10னு வெச்சுக்கோங்க, இந்த வயசுக்கு அது போதும்.

கே: பெஞ்சுல கட்டையை இழுத்து உராய்வு பாக்குறோம். ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு ரீடிங் வருது.

வரத்தான் செய்யும். தொங்கவிட்டு ஜீரோ வெச்சுட்டு அப்படியே படுக்கவெச்சு இழுத்திருப்பீங்க. தொங்கும்போது கொக்கியும் கம்பியும் தன் எடையால ஸ்பிரிங்கை கொஞ்சம் இழுத்துட்டே இருக்கும், படுக்கவெச்சா அந்த இழுப்பு போயிடும், முள்ளு ஜீரோவுக்கும் பின்னால ஏறிடும். அதனால எந்த வாக்குல அளக்கிறீங்களோ அந்த வாக்குலயே ஜீரோ வைங்க. இன்னொண்ணு, கட்டை நகர ஆரம்பிக்கிற நேரத்துல ரீடிங் ஏறி, ஓட ஆரம்பிச்சதும் இறங்கும். அது தப்பு இல்ல, நகர்த்துறதுக்கு வேணுங்கிற விசை அதிகம், ஓட வைக்க கம்மி. ரெண்டையும் தனித்தனியா எழுத சொல்லுங்க. வெடுக்குனு இழுக்கிறவனுக்கு எதுவுமே ஒழுங்கா வராது.

கே: ரெண்டு பசங்க ஆளுக்கொரு தராசு, கொக்கியை கோத்து இழுத்தாங்க. பலசாலி பக்கம் ஏன் அதிகமா காட்டல?

நியூட்டனோட மூணாவது விதி: இவன் எவ்ளோ இழுக்கிறானோ, எதிர்ப்பக்கமும் அதே அளவு இழுக்கும், அதனால ரெண்டு தராசும் ஒண்ணாதான் காட்டும். இப்ப ஒரு தராசை சுவத்து ஆணில மாட்டி இழுக்க சொல்லுங்க, அப்பவும் ரெண்டும் ஒண்ணாதான் காட்டும். "ஆணி எப்படி மிஸ் இழுக்கும்?"னு ஒருத்தன் கேப்பான். அந்த கேள்வி வரணும்னுதான் இந்த சோதனையே.

கே: 500 கிராம் எடைக்கல்லுக்கு 4.9 நியூட்டன் வரணும், எங்களுக்கு 5.2 வருது. ரெக்கார்டுல 4.9னே எழுதிடலாமா?

இந்த கேள்விய பாத்தாலே எனக்கு பிபி ஏறுது. ஒரு ஸ்கூலுக்கு போயிருந்தேன், நாப்பது நோட்டு, நாப்பதுலயும் 4.9, ஒரு புள்ளி கூட மாறல. ஒரே ஒரு நோட்டுல மட்டும் 4.9க்கு அடியில அழிச்ச தடம் தெரிஞ்சுது, வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா 5.2. அந்த பொண்ணை கேட்டா, "முதல்ல அப்படித்தான் வந்துச்சு சார், எல்லாரும் 4.9னாங்க, மாத்திட்டேன்"ங்கிறா. தராசை வாங்கி சும்மா தொங்கவிட்டேன், முள்ளு 0.3ல நிக்குது. 5.2ல 0.3 போனா எவ்ளோ? அந்த வகுப்புலயே ஒழுங்கா அளந்தது அவ ஒருத்திதான், அவளைத்தான் அழிக்க வெச்சிருக்கோம். விடைய போர்டுல எழுதிப்போட்டுட்டு அப்புறம் தராசை கையில குடுத்தா, பசங்க முள்ளை பாப்பாங்களா போர்டை பாப்பாங்களா? கண்ணு பாத்ததை எழுத விடுங்க. 5.2னு எழுதட்டும், பக்கத்துலயே ஜீரோ பிழை 0.3னு எழுதட்டும், கழிச்சு போடட்டும். அதுக்கு மார்க் குறைக்கிறாங்கன்னா போய் சண்டை போடுங்க, என் பேரை சொல்லி வேணும்னாலும் போடுங்க. மத்த 39 பேருக்கு 5.2 வராம இருந்திருக்க வாய்ப்பே இல்ல, ஒரே தராசுதான் கை மாறியிருக்கு!

கே: ரப்பர் பேண்டுல தராசு செய்யலாமா?

விளையாட்டுக்கு செய்யலாம். 100 கிராம் 100 கிராமா ஏத்திக்கிட்டே கோடு போடுங்க, அப்புறம் ஒண்ணொண்ணா இறக்கிட்டே பாருங்க, போட்ட கோட்டுல வந்து நிக்காது. கோடுகளுக்கு நடுவுல இடைவெளியும் சமமா இருக்காது. விசை எவ்ளோ கூடுதோ நீட்சியும் அவ்ளோ கூடும்னு ராபர்ட் ஹூக் 1678ல எழுதினாரே, அது ஸ்பிரிங்குக்கு நல்லா பொருந்தும், ரப்பருக்கு அவ்ளோ பொருந்தாது.

கே: பையன் 10 நியூட்டன் தராசுல ஸ்கூல் பேக்கை மாட்டிட்டான். முள்ளு திரும்பி வரமாட்டேங்குது.

ஸ்பிரிங் மீள் எல்லைய, அதாவது விட்டா பழைய நீளத்துக்கே திரும்பி வர்ற அளவை, தாண்டிடுச்சு, இனிமே அளக்க ஆகாது. ஜீரோ திருகை திருப்பி சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, கோடுகளை இனி நம்ப முடியாது. தூக்கிப்போடாம வெச்சுக்கோங்க, அடுத்த பேக்கை மாட்ட போறவன்கிட்ட காட்டலாம்.

கே: கல்லை தண்ணில முக்கினா எடை எவ்ளோ குறையும்?

கருங்கல்லுன்னா மூணுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல. வெளியில 3 நியூட்டன் காட்டினா உள்ள 1.9 மாதிரி. கல்லு பாத்திரத்துல எங்கயும் இடிக்க கூடாது, முழுசா முங்கணும்.

கே: பழைய பேப்பர்காரர் தராசை எப்படி நம்புறது?

பேப்பர் கட்டை மாட்டுறதுக்கு முன்னாடி முள்ளு ஜீரோல நிக்குதான்னு பாருங்க. அவரு தலைக்கு மேல தூக்கி காட்டுவாரு, நாம கீழருந்து அண்ணாந்து பாப்போம், அதுலயே ரீடிங் மாறும். கண்ணு மட்டத்துக்கு இறக்க சொல்லுங்க, ஆட்டம் நிக்கட்டும். சந்தேகம்னா 2 லிட்டர் தண்ணி பாட்டிலை மாட்டுங்க, 2 கிலோவுக்கு மேல ஒரு துளி காட்டணும்.

கே: நிலாவுக்கு கொண்டு போனா என்ன காட்டும்?

ஆறுல ஒரு பங்கு. தட்டு தராசுன்னா மாறாது, ரெண்டு பக்கமும் சேந்துதான குறையும். ஆனா அங்க கொக்கியோட எடையும் குறைஞ்சிருக்கும், அதனால மாட்டுறதுக்கு முன்னாடி அங்கயும் ஜீரோ பாத்துக்கோங்க.