டிரம்மர் தலைமையில் வந்த ஜாஸ் ஃப்யூஷன் (ஜாஸும் ராக்கும் கலந்த இசை) ஆல்பங்களில் ஒன்றே ஒன்றைக் கேட்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

யோசிக்கவே வேண்டாம், பில்லி காப்ஹாமின் 'ஸ்பெக்ட்ரம்'.

காப்ஹாம் பனாமாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்தவர். கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஃப்யூஷன் குழுவில் டிரம்மராக இருந்தவர். (மெக்லாஃப்லினை நம்மில் பலருக்கு விக்கு விநாயக்ராம் இருந்த சக்தி குழு வழியாகத் தெரியும்.) அந்த ஆர்கெஸ்ட்ராவின் முதல் அணி உடைந்த 1973இலேயே, மே மாதம் எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் மூன்றே நாளில் இதைப் பதிவு செய்தார். அவர் பெயரில் வந்த முதல் ஆல்பம். அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டின் ஜாஸ் பட்டியலில் முதலிடம் வரை போனது.

டிரம்மர் ஆல்பம் என்றாலே எனக்கு ஒரு பயம் உண்டு, முழுக்கத் தனி ஆவர்த்தனமாகவே போய்விடுமோ என்று. இதிலும் சோலோ இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் பாட்டுக்கு முன்னால் குட்டி முன்னுரையாக வந்து போய்விடும். பாட்டு ஆரம்பித்ததும் மனிதர் மற்றவர்களுக்கு வழிவிட்டு, பின்னாலிருந்து வண்டியை ஓட்டுகிறார்.

அதற்கு அவர் ஆள் பிடித்த விதம்தான் காரணம் என்பேன். கீபோர்டுக்கு மகாவிஷ்ணு கூட்டாளி யான் ஹாமர். கிதாருக்கு ஜாஸ்காரர் இல்லை. டாமி போலின் என்ற 21 வயது ராக் பையன். பேஸ் கிதாருக்கு லீ ஸ்க்லார், பாடகர் ஜேம்ஸ் டெய்லரின் பாட்டுகளுக்குப் பக்கவாத்தியமாக வாசித்தவர். பாடகருக்குப் பின்னால் நின்று பழகியவர் என்பதால், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாலும் அவருக்குக் கை அரிக்காது.

'ஸ்ட்ராடஸ்' கேளுங்கள், புரிந்துவிடும். முதல் மூன்று நிமிடம் சிந்தசைசர் இரைச்சலும் டிரம்ஸ் உருட்டலுமாக எங்கே போகிறதென்றே தெரியாது. பிறகு ஸ்க்லாரின் அந்த வரி நுழையும். அது அசையாமல் நிற்க, காப்ஹாம் ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) பொடிப்பொடியாகத் தட்டிக்கொண்டே ஸ்நேர் என்ற சிறு டிரம்மில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். வலது கைக்காரர்களைப் போல டிரம்ஸை அமைத்துக்கொண்டு, ஹை-ஹாட்டை இடது கையால் வாசிப்பவர் அவர். மற்றவர்களைப் போல ஹை-ஹாட்டுக்காக வலது கையை இடது கைக்குக் குறுக்கே போட வேண்டியதில்லை, வலது கை எங்கே வேண்டுமானாலும் போகலாம். 1991இல் மாசிவ் அட்டாக் குழு 'சேஃப் ஃப்ரம் ஹார்ம்' பாட்டுக்கு இந்தத் தாளத்தையும் பேஸ் வரியையும்தான் எடுத்துப் போட்டார்கள்.

முதல் பாட்டு 'குவாட்ரன்ட் 4' வேறு ரகம். இரண்டு கால்களும் பேஸ் டிரம்மில் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே ஹாமரின் 'மூக்' வகை சிந்தசைசர் கிதார் மாதிரியே வளைந்து வளைந்து பேசும். போலின் எது, ஹாமர் எது என்று சில இடங்களில் குழம்பிப்போவீர்கள். ராக் கிதார் கலைஞர் ஜெஃப் பெக்கையே ஃப்யூஷன் பக்கம் இழுத்ததில் இந்த ஆல்பத்துக்குப் பெரிய பங்குண்டு. போலின் பாவம், 25 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

'லெ லிஸ்' பாட்டு மட்டும் எனக்கு ஒட்டவில்லை. கேட்க இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

புதிதாகக் கேட்பவர் என்றால் கடைசிப் பாட்டில் 'ரெட் பேரன்' பகுதியிலிருந்து தொடங்குங்கள், நிதானமான ஃபங்க் (தாளமும் பேஸும் முன்னால் நிற்கும் ஆட்ட இசை). அப்புறம் 'ஸ்ட்ராடஸ்'. போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், பாதி பேஸ் காணாமல் போய்விடும்.