நான்கு ஆட்டங்களுக்கு ஓர் அரங்கம்

அன்புள்ள ஐயா,

உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்தும் நாட்டுக்குப் பெரும்பாலும் கடன்தான் மிஞ்சுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 1930-இல் 13 அணிகளோடு தொடங்கிய போட்டி 2026-இல் 48 அணிகளாக வளர்ந்திருக்கிறது. இவ்வளவு பேர் பார்க்கும் ஒன்றில் எப்படி நஷ்டம் வரும்? வருமென்றால் நாடுகள் ஏன் முண்டியடித்துக்கொண்டு கேட்கின்றன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆட்டம் வளர வளரப் பணம் பெருகுகிறது என்பது உண்மை. அது யாரிடம் சேர்கிறது என்று பாருங்கள். ஒளிபரப்பு உரிமம், விளம்பர ஒப்பந்தம், டிக்கெட் விற்பனை எல்லாம் பெரும்பாலும், உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் அமைப்பான ஃபிஃபாவின் கணக்குக்குப் போகின்றன. 2022 கத்தார் போட்டியோடு முடிந்த நான்கு ஆண்டுகளில் அதன் வருவாய் சுமார் 750 கோடி டாலர். அரங்கம், சாலை, விமான நிலையம், பாதுகாப்பு ஆகியவற்றின் செலவு வழக்கமாக நடத்தும் நாட்டின் தலையில் விழுகிறது. அதோடு தன் வருமானத்துக்கு வரிவிலக்கும் ஃபிஃபா கேட்டு வாங்கிக்கொள்கிறது.

எனக்கு மனம் ஆறாத இடம் மனாவுஸ். அமேசான் காட்டுக்கு நடுவே இருக்கும் பிரேசில் நகரம். 2014 போட்டிக்காக அங்கே 40,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கம் எழுந்தது. அதற்கான எஃகுச் சட்டங்கள் போர்ச்சுகலிலிருந்து கப்பலில் வந்தன. அதில் நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் நான்கே நான்கு. நாட்டின் முதல்நிலை லீக்கில் ஆடும் ஒரு கிளப்கூட அப்போது அந்த ஊரில் இல்லை. தலைநகர் பிரேசிலியாவிலும் இதே கதைதான். அங்கே ஏறக்குறைய 70,000 இருக்கைகள். போட்டி முடிந்த மறு ஆண்டே அரங்க வளாகத்தில் பஸ்களை நிறுத்தத் தொடங்கினார்கள்.

நாடுகள் ஏன் கேட்கின்றன என்ற உங்கள் கேள்விக்கும் அங்கேயே விடை இருக்கிறது. எட்டு முதல் பத்து நகரங்கள் போதும் என்று ஃபிஃபா சொல்லியும் பிரேசில் 12 நகரங்களைப் பிடிவாதமாகக் கேட்டது. ஒவ்வொரு மாநில அரசியலுக்கும் ஓர் அரங்கம் தேவைப்பட்டது. கேட்டவர்கள் ஒருசிலர், செலவைச் சுமந்தவர்கள் எல்லோரும். 2013-இல் பஸ் கட்டண உயர்வை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மக்கள், மருத்துவமனைகளும் பள்ளிகளும் ‘ஃபிஃபா தரத்தில்’ வேண்டும் என்று பதாகை பிடித்தார்கள். அவர்களைவிடக் கால்பந்தை நேசிக்கும் மக்கள் உண்டா? அந்தப் பதாகைகளின் படங்களைப் பார்த்த பிறகு, விளையாட்டுக்காக என்று சொல்லிக் கொட்டப்படும் எந்தக் கான்கிரீட்டையும் என்னால் சந்தேகமில்லாமல் பார்க்க முடியவில்லை.

‘பெரும்பாலும்’ என்று நான் எழுதியதற்கும் காரணம் உண்டு. 1994-இல் அமெரிக்கா, தன்னிடம் ஏற்கெனவே இருந்த பெரிய அரங்குகளிலேயே போட்டியை நடத்தியது. 52 ஆட்டங்களை நேரில் பார்த்தவர்கள் சுமார் 36 லட்சம் பேர். பிறகு 2022 வரை நடந்த போட்டிகளில், 64 ஆட்டங்கள் ஆடியும், அந்த எண்ணிக்கையை எவரும் எட்டவில்லை. போட்டியைத் தருவதற்கு விதித்த நிபந்தனைப்படி 1996-இல் அங்கே ஒரு தொழில்முறை லீக்கும் தொடங்கியது. அங்கே ஆட்டமும் வளர்ந்தது என்பதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன்.

மறுத்த நாடும் ஒன்று உண்டு. 1986 போட்டி முதலில் கொலம்பியாவுக்குத்தான் தரப்பட்டிருந்தது. கொடுத்தபோது 16 அணிகள். பின்னர் அது 24 ஆனது, சுமையும் ஏறியது. 1982-இல் குடியரசுத் தலைவர் பெலிசாரியோ பெதான்கூர், இது எங்களால் தாங்கக்கூடிய செலவல்ல என்று வெளிப்படையாக விலகினார். போட்டி மெக்சிகோவுக்குப் போனது. அதுவரை 1962-இல் ஒரே ஒரு முறைதான் உலகக் கோப்பையில் ஆடியிருந்த கொலம்பியா, அதன்பின் 1990, 1994, 1998 என்று தொடர்ந்து மூன்று முறை தகுதி பெற்றது.

அன்புடன்.