பந்தைத் தொடும் ஒரு சாண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பில்லியர்ட்ஸ்போல மேசையில் ஆடும் ‘பூல்’ (pool) ஆட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக, வாரத்துக்கு மூன்று நாட்களாவது ஆடுகிறேன். ஆடத் தொடங்கியபோது வாங்கிய கியூதான், அதாவது பந்தை அடிக்கும் கோல்தான், இன்னும் கையில் இருக்கிறது. இரண்டு துண்டுகளாகக் கழற்றக்கூடிய மேப்பிள் மரக் கியூ. 19 அவுன்ஸ் எடை, 13 மில்லிமீட்டர் நுனி, முனையில் பந்தைத் தொடும் டிப் திருகி மாட்டும் வகை. நேரான ஷாட்களில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தூரத்துப் பந்தைப் பக்கச் சுழற்சி கொடுத்து அடித்தால், அது மேசைக் குழியான பாக்கெட்டின் விளிம்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. சில மாதங்களாக, அடிக்கும்போது கியூவுக்குள் ஏதோ அதிர்வதுபோல ஒரு சத்தமும் கேட்கிறது.

உடன் ஆடுபவர்களிடம் யோசனை கேட்டேன். கார்பன் ஃபைபர் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்றார் ஒருவர். 21 அவுன்ஸுக்குப் போ என்றார் மற்றொருவர். குறை கையில் இருக்கிறது, கியூவில் இல்லை என்றார் மூன்றாமவர். அந்தச் சொல்தான் என் மனத்தில் தங்கிவிட்டது. புதிய கியூ எனக்கு உண்மையிலேயே தேவையா? தேவையென்றால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நேரான ஷாட்களில் குறையில்லை, பக்கச் சுழற்சி கொடுக்கும்போது மட்டும் தவறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விடையை அந்த இடத்திலிருந்துதான் தேட வேண்டும். கை வீச்சு அடிப்படையிலேயே கோணலாக இருந்தால் அதை நேரான ஷாட்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆகவே, குறை முழுவதும் கையில்தான் என்ற நண்பரின் சொல்லை நீங்கள் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. புதிய கியூ வந்தவுடன் தூரத்துப் பந்துகள் தாமாக விழத் தொடங்கும் என்ற எண்ணத்தையும் நான் ஊக்கப்படுத்த மாட்டேன். அந்த ஷாட்டில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

வெள்ளைப் பந்தை அதன் நடுவுக்கு வலப்பக்கத்தில் அடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்துக்குள்ளேயே பந்து சுழலத் தொடங்கி, தன்னைப் பற்றியிருக்கும் டிப்பையும் அதை ஒட்டிய ஷாஃப்டின், அதாவது கியூவின் மெல்லிய முன்பாதியின், நுனியையும் வலப்பக்கமாகத் தள்ளுகிறது. தள்ளப்படும் நுனி பந்தை இடப்பக்கமாகத் திருப்பித் தள்ளுகிறது. நுனி கனமாக இருக்க இருக்க அந்த எதிர்விசை கூடும். அதனால் வெள்ளைப் பந்து, கியூ நீண்டிருந்த கோட்டில் செல்லாமல் சற்றே இடப்பக்கம் விலகிச் செல்கிறது. ஆட்டக்காரர்கள் டிஃப்ளெக்‌ஷன் என்று சொல்வது இதைத்தான். விலகல் ஒரே ஒரு டிகிரி என்றாலும், ஐந்தடி தள்ளியிருக்கும் பந்தை அடையும்போது அது ஓர் அங்குலமாகிவிடும். பந்தின் விட்டமே இரண்டேகால் அங்குலம்தான் என்னும்போது, அந்த ஓர் அங்குலம் எவ்வளவு பெரிய பிழை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் முழுக் கியூவின் எடைக்கும் பங்கு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பக்கவாட்டு அசைவு அந்தச் சிறு நேரத்துக்குள் ஷாஃப்டில் சில அங்குலங்கள் மட்டுமே பயணிக்க முடியும். அதற்குப் பின்னால் இருக்கும் மரத்துக்கு அடி விழுந்த செய்தி போய்ச் சேர்வதற்குள் பந்து கிளம்பிவிடுகிறது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் இயந்திரவியல் பேராசிரியராக இருந்த டேவிட் ஆல்சியாட்டோரே போன்றவர்கள் அதிவேகக் கேமராவைக் கொண்டு இவற்றையெல்லாம் ஆட்டக்காரர்களுக்குப் புரியும்படி விளக்கியிருக்கிறார்கள். ஆகவே விலகலைப் பொறுத்தவரை, டிப்பிலிருந்து பின்னோக்கி ஒரு சாண் நீளம்தான் உங்கள் கியூ.

ஆனால் கியூ வாங்கப் போகிறவரின் கண் எப்போதும் மறுமுனைக்குத்தான் போகிறது. பட் என்னும் தடித்த பின்பாதியின் வேலைப்பாடும், பதித்த வண்ணங்களும், கைப்பிடியில் சுற்றிய நூலும் நம்மை இழுத்துவிடுகின்றன. என் இரண்டாவது கியூவை நான் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். அது அழகான கியூ, இன்றும் என்னிடம் இருக்கிறது. ஆனால் ஓராண்டு ஆடிய பிறகு, முதல் கியூவில் எந்த ஷாட்களைத் தவறவிட்டேனோ அதே ஷாட்களை அதிலும் அதே அளவில் தவறவிட்டுக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது. இரண்டின் ஷாஃப்டுகளும் ஒரே வகை. அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் எடுக்கும்போதெல்லாம் மகிழ்ச்சி தரும் பொருளோடு அதிக நேரம் பயிற்சி செய்வோம் என்பதும் உண்மைதான். ஷாஃப்டை முடிவு செய்த பிறகு அழகுக்குப் போகலாம் என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் கியூவில் டிப் திருகி மாட்டும் வகை என்று எழுதியிருக்கிறீர்கள். கியூவை மாற்ற அந்த ஒரு காரணமே எனக்குப் போதும். அத்தகைய டிப்புகளில் பெரும்பாலும் உலோகத் திருகு ஒன்று இருக்கும். கனம் இருக்கவே கூடாத இடத்தில் அது கனத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. ஷாஃப்டின் மேல் ஒட்டப்பட்டு, உருவம் செதுக்கப்பட்ட தோல் டிப்பில் கிடைக்கும் சீரான தொடுகையும் அதில் கிடைப்பதில்லை. வால் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த கியூ என்ற பெயரைவிட, அதன் முனையில் இருக்கும் தோலின் வரலாறு இளையது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சுவா மாங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் முனையில் தோலைப் பொருத்தி ஆடிக் காட்டிய பிறகுதான் பந்துக்கு விரும்பியபடி சுழற்சி கொடுப்பது ஆட்டத்தின் இயல்பான பகுதியானது. பின்னர் 1897இல் வில்லியம் ஸ்பிங்க்ஸ், வில்லியம் ஹாஸ்கின்ஸ் இருவரும் டிப் வழுக்காமலிருக்க அதன் மேல் பூசும் இன்றைய ‘சாக்’ (chalk) கட்டிக்குக் காப்புரிமை பெற்றார்கள். பெயர்தான் சாக், அது சுண்ணாம்பு அல்ல, நுண்ணிய உராய்பொருட்களின் கலவை.

மென்மையான டிப் அதிகச் சுழற்சி தரும் என்று உங்களிடம் பலர் சொல்வார்கள். சுழற்சியைத் தீர்மானிப்பது, பந்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி அடிக்கிறீர்கள் என்பதும் அடியின் வேகமும்தான். டிப் வழுக்காமல் இருந்தால் போதும். மென்மையோ கடினமோ, சுழற்சியில் பெரிய வேறுபாடு வராது. எந்த டிப்பாக இருந்தாலும், பந்தின் ஆரத்தில் ஏறத்தாழப் பாதி தூரத்துக்கு அப்பால் போனால் டிப் வழுக்கி மிஸ்கியூ ஆகிவிடும். மென்மையான டிப் விரைவில் நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கும், அடிக்கடி சீர்செய்ய வேண்டியிருக்கும். கடினமான டிப் உருவம் காக்கும், ஆனால் சாக் பூசுவதில் சிறு கவனக்குறைவையும் மன்னிக்காது. உங்கள் நிலையில் நடுத்தரக் கடினமுள்ள, பல அடுக்குத் தோலால் ஆன டிப்பை நான் பரிந்துரைப்பேன். அது நீண்ட நாட்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

இனி ஷாஃப்ட். 13 மில்லிமீட்டரிலிருந்து 12க்கு இறங்கினால் நுனியின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது. எடையும் அதற்கேற்பக் குறையும். லோ டிஃப்ளெக்‌ஷன் எனப்படும் விலகல் குறைந்த ஷாஃப்டுகளில் இதோடு நுனியின் உட்பகுதியைக் குடைந்தும், டிப்புக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் ஃபெரூலைக் குட்டையாகவும் இலேசாகவும் செய்தும் இன்னும் எடை குறைப்பார்கள். கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் குழாய்போல இருப்பதால் இதே காரியம் எளிதாக நடக்கிறது. ஆகவே உங்கள் முதல் நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் கார்பன் என்று எழுதியிருப்பவை எல்லாம் ஒரே அளவில் விலகலைக் குறைப்பதில்லை; நன்றாகச் செய்யப்பட்ட லோ டிஃப்ளெக்‌ஷன் மேப்பிள் ஷாஃப்ட், சாதாரண கார்பன் ஷாஃப்டைவிடக் குறைவாக விலகக்கூடும். கார்பனின் ஐயமற்ற நன்மை வேறு: ஈரத்தில் வளையாது, இடித்தாலும் எளிதில் பள்ளம் விழாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். மேப்பிளில் அடி விழும்போது கைக்கு வரும் அதிர்வு மென்மையானது. பந்தை எங்கே தொட்டோம் என்பதை அது எனக்குத் தெளிவாகச் சொல்கிறது என்பதால் நான் இன்னும் மரத்தில்தான் ஆடுகிறேன். கியூவைத் துடைத்து உறையில் வைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் மேப்பிளே போதும். காரில் விட்டுவிடும் பழக்கம் இருந்தால் கார்பனுக்குப் போங்கள்.

ஷாஃப்ட் எப்படிப் பருமனாகிறது என்பதையும் கையில் பிடித்துப் பாருங்கள். சிலவற்றில் நுனியிலிருந்து பத்துப் பன்னிரண்டு அங்குலம் வரை தடிமன் மாறாது. சிலவற்றில் முதலிலிருந்தே சீராகக் கூடிக்கொண்டே வரும். கியூவைத் தாங்கும் கையின் விரல்களைச் சுற்றி வளையமாக்கிப் பிரிட்ஜ் அமைப்பவராக நீங்கள் இருந்தால், இரண்டாவது வகை ஒவ்வொரு வீச்சிலும் விரல்களை விரிப்பதுபோலத் தோன்றும்.

எடையைப் பற்றிய யோசனையை நான் ஏற்கவில்லை. உங்கள் கை 19 அவுன்ஸுக்குப் பழகியிருக்கிறது. அந்த எடையில் எந்தக் குறையையும் நீங்கள் சொல்லவில்லை. கனம் கூடினால் வீச்சின் வேகம் கொஞ்சம் குறையும்; பந்துக்குப் போய்ச் சேரும் வலுவில் நீங்கள் எதிர்பார்க்கும் மாற்றம் வராது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஷாஃப்டையும் எடையையும் ஒருசேர மாற்றினால், எந்த மாற்றம் எதைச் செய்தது என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. பல கியூக்களில் பட் பகுதியின் அடியில் உள்ள ரப்பரைக் கழற்றினால் எடைத் திருகு ஒன்று இருக்கும். ஆறு மாதம் கழித்து விரும்பினால் அதை மாற்றிக்கொள்ளலாம். 58 அங்குல நீளம் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும்.

இரண்டு துண்டுகளும் சேரும் ஜாயின்ட் எஃகா, பிளாஸ்டிக்கா, மரத்தோடு மரமா என்ற விவாதத்தில் நேரம் செலவிடாதீர்கள். அது கைக்கு வரும் உணர்வைச் சற்று மாற்றும், விலகலை மாற்றாது. ஆனால் அதன் திருகு எந்த அளவு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பரவலாகப் புழங்கும் அளவாக இருந்தால், பிற்பாடு பட் பகுதியை வைத்துக்கொண்டு ஷாஃப்டை மட்டும் மாற்ற முடியும். கைப்பிடிக்கு நூலா தோலா என்பது உள்ளங்கை எவ்வளவு வியர்க்கிறது என்பதைப் பொறுத்தது.

வாங்கும் முன் ஷாஃப்டைத் தனியாகவும், பிறகு பட் பகுதியோடு இணைத்தும் மேசையில் உருட்டிப் பாருங்கள். நுனி மேலும் கீழும் துள்ளினால் அதை வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். ஆடிப் பார்க்க இடமிருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். மேசையின் நீளவாக்கில் வெள்ளைப் பந்தையும், ஐந்தடி தள்ளி இன்னொரு பந்தையும் நேர்க்கோட்டில் வையுங்கள். முதலில் கியூவை அந்தக் கோட்டின் மேலேயே பிடித்து, பின்னர் திருப்பாமல் அப்படியே இணையாக ஒரு டிப் அகலம் வலப்பக்கம் நகர்த்தி, கியூவை முடிந்தவரை படுக்கையாக வைத்து, சற்று வேகமாக அடியுங்கள். வெள்ளைப் பந்து மற்ற பந்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் படுகிறது என்று பாருங்கள். இதையே உங்கள் பழைய கியூவிலும், அதே வேகத்தில் பத்து முறையாவது அடித்து ஒப்பிடுங்கள். வேகத்தைக் குறைத்தால் பந்து பாதையில் வளைந்து திரும்பி, விலகலின் ஒரு பகுதியை மறைத்துவிடும். அதனால்தான் வேகத்தை வலியுறுத்துகிறேன்.

புதிய ஷாஃப்ட் வந்த பிறகு முதல் சில வாரங்கள் உங்களுக்குக் கடினமாக இருக்கும். இரண்டு ஆண்டுகளாக உங்கள் கண், பழைய கியூவின் விலகலுக்கு ஏற்பக் குறியைத் தள்ளி வைக்கக் கற்றிருக்கிறது; நீங்கள் அறியாமலேயே அது நடந்திருக்கும். விலகல் குறைந்த ஷாஃப்டில் அதே அளவு தள்ளிக் குறிவைத்தால் பந்து இப்போது மறுபக்கம் தவறும். கியூ மோசம் என்று அந்தச் சமயத்தில் முடிவெடுத்துப் பலர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு மாதங்களுக்கு வேறு எந்தக் கியூவையும் தொடாமல் அதிலேயே ஆடுங்கள். விலகல் முற்றிலும் இல்லாத ஷாஃப்ட் எதுவும் கிடையாது. ஈடுகட்ட வேண்டிய அளவு சிறியதாக இருந்தால் அதைக் கணிப்பதில் வரும் பிழையும் சிறியதாகும் என்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் பயன்.

அதிர்வுச் சத்தத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் அது பட் பகுதியின் அடியில் இருக்கும் எடைத் திருகு தளர்ந்ததால் வருவது. ரப்பரைக் கழற்றி, அந்தத் திருகை இறுக்கிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் பழைய கியூவை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். முதல் அடியாகிய பிரேக்கின் வேகம், ஆடும் கியூவின் டிப்பை நசுக்கி அதன் உருவத்தைக் கெடுத்துவிடும். பழையதன் ஃபெரூலை மாற்றி, கடினமான டிப் ஒன்றை ஒட்டச் சொல்லுங்கள். இனி பிரேக்குக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.