கணுக்கால் பட்டை: கேட்டவர்களுக்குப் பதில்

அமெரிக்காவில் நீதிமன்ற நன்னடத்தைப் பிரிவில் இருக்கிறேன். வீட்டுக்காவலில் வைக்கப்படுபவர்களின் கணுக்காலில் மின்னணுப் பட்டையைக் கட்டிவிட்டுக் கண்காணிப்பது என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

மாலதி: பட்டையை அறுத்துவிட்டு ஓடிவிட முடியாதா சார்?

அறுக்கலாம், நல்ல கத்தரிக்கோல் போதும். பல பட்டைகளுக்குள் மெல்லிய ஒளியிழை ஓடும். அதில் ஒளி தடைபட்டால் எங்களுக்கு எச்சரிக்கை வந்துவிடும். அப்புறம் பிடியாணைதான். ஷாக் அடிக்குமா என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். அடிக்காது.

குமரன்: ஆள் இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது?

இரண்டு வகை உண்டு. ரேடியோ வகையில், வீட்டில் ஒரு பெட்டி வைப்போம். பட்டையின் சிக்னல் அதற்கு எட்டும்வரை ஆள் வீட்டில் இருக்கிறார் என்று கணக்கு. வெளியே போனால், போய்விட்டார் என்பது மட்டும் தெரியும். ஜிபிஎஸ் வகை போகிற இடத்தையும் காட்டும். 1983-ல் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் ஜாக் லவ் என்ற நீதிபதி பட்டை கட்டிக் கண்காணிக்கும் முறையைத் தொடங்கிவைத்தார்; அப்போது ரேடியோ வகைதான். ஸ்பைடர்மேன் சித்திரக்கதை பார்த்துத்தான் அவருக்கு யோசனையே வந்தது!

ரேவதி: தம்பிக்கு அடுத்த வாரம் ஜிபிஎஸ் பட்டை கட்டப் போகிறார்கள். குளிக்கலாமா அண்ணா? எதில் கவனம் வேண்டும்?

தாராளமாகக் குளிக்கலாம்மா, தண்ணீர் புகாது. கவனம் வேண்டியது சார்ஜில். தினமும் இரண்டு மணி நேரம் போல ஒயரைக் காலில் மாட்டி, பிளக் பக்கத்திலேயே உட்கார வேண்டியிருக்கும். தூங்கும்போது போடலாம் என்று விடாதீர்கள். புரண்டு படுத்தால் ஒயர் கழன்றுவிடும், காலையில் பேட்டரி தீர்ந்திருக்கும். அதுவும் விதிமீறலாகவே பதிவாகும். சாப்பாட்டு நேரத்தை ஒட்டி ஒரு நேரம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தரைக்குக் கீழே உள்ள அறையிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் ஜிபிஎஸ் தடுமாறும். வீட்டில் இருப்பவரைத் தெருவில் காட்டும். அப்படி எச்சரிக்கை வந்தால் உடனே அதிகாரிக்குப் போன் செய்து, பேசிய நேரத்தை எழுதி வைக்கட்டும். தோல் உரசாமல் இருக்க உயரமான காட்டன் சாக்ஸை உள்ளே விட்டுக்கொள்ளலாமா என்று கட்டும்போதே கேளுங்கள். சில இடங்களில் விடமாட்டார்கள்.

ஜோசப்: செலவு யாருடையது?

இங்கே பல மாவட்டங்களில் கட்டியிருப்பவரே நாள் வாடகை கட்ட வேண்டும். கட்ட முடியாமல் சிறைக்குத் திரும்பியவர்களும் உண்டு. இது பெரிய அநியாயம் என்பதே என் கருத்து.

அன்வர்: பணக்காரர்களுக்குத்தானே இதெல்லாம் வசதி?

சீனாவின் ஹுவாவே நிறுவனத்தில் நிதித் தலைவராக இருந்த மெங் வான்சோவைப் பாருங்கள். 2018 டிசம்பரில் வான்கூவரில் கைதானார். ஒரு கோடி கனடா டாலர் ஜாமீன், காலில் ஜிபிஎஸ் பட்டை, இரவு 11 முதல் காலை 6 வரை வீட்டைவிட்டு நகரக் கூடாது. தன்னைக் கண்காணிக்கும் தனியார் காவலர்களுக்கான செலவையும் அவரே ஏற்றார். 2021 செப்டம்பர் வரை சொந்த வீட்டில் இருந்தார். நிலையான முகவரி இல்லாதவருக்கு வீட்டுக்காவலே கிடைப்பது கடினம். நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

செந்தில்: இந்தியாவில் வருமா?

வந்துவிட்டது. 2023 நவம்பரில், பயங்கரவாத வழக்கில் ஜாமீன் பெற்ற ஒருவரின் காலில் ஜம்மு காஷ்மீர் போலீஸ் ஜிபிஎஸ் பட்டை கட்டியது. ஆனால் 2024 ஜூலையில், ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில், ஜாமீனில் இருப்பவரின் ஒவ்வோர் அசைவையும் போலீஸ் பின்தொடர வழிசெய்யும் நிபந்தனை அந்தரங்க உரிமையை மீறும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் பிழைப்பதே இந்தத் தொழிலில்தான். ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரி என்பேன். குற்றம் நிரூபணமாகாத ஒருவர் பால் வாங்கப் போவதைக்கூட நாங்கள் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.