செல்போனைப் பிடுங்கினால் உருண்டு அழுகிறான்

கேள்வி: என் மூன்று வயது மகனுக்குச் செல்போன் இல்லாமல் சோறு இறங்காது. பிடுங்கினால் தரையில் உருண்டு அழுகிறான். என்ன செய்ய?
– ஒரு தாய், குளச்சல்

பதில்: பிடுங்காதே மகளே. தக்கலையில் என் பேரனிடம் நானும் பிடுங்கினேன். அவன் சுவரில் தலையை முட்டியதைப் பார்த்து நடுங்கிப்போனேன். "இந்தப் பாட்டு முடிஞ்சதும் தரணும்" என்று முன்பே சொல்லிவை. அழுதால் மடியில் இருத்தி, "மக்களுக்குக் கோவம் வந்துட்டு, இல்லியா?" என்று கேள். உள்ளே கொதிப்பதற்குப் பெயர் கோபம் என்பதே அவனுக்கு நீ சொல்லித்தான் தெரியும். அழுகை அடங்க நேரமாகும். அதற்காகச் செல்லைத் திருப்பிக் கொடுத்துவிடாதே.

இந்த வயதுக்கு நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. சாயங்காலம் சோற்றைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போ. வள்ளம் கரையேறுவதைப் பார்த்தபடியே என் பேரன் நாலு உருண்டை தின்றான். உன் செல்லும் வீட்டிலேயே கிடக்கட்டும்.