கிட்டங்கிப் பேரேட்டுல இருந்த ஏழு பேர்

அண்ணே, வணக்கம். மலாயாவுல இருந்து சயாமுக்கும் (இப்ப தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவுல ஜப்பான்காரன் போட்ட ரயிலுக்குப் போன நம்ம ஆளுங்க பாதிப்பேருக்கு மேல திரும்பலன்னு எங்க ஐயா சொல்லுவாக. சண்டை முடிஞ்சு ஜப்பான்காரன் மேல வெள்ளைக்காரன் கேஸ் நடத்துனான்ல, அதுல இவங்களுக்கு நியாயம் கிடைச்சுச்சா? ஜெயிச்சவன் தோத்தவனைத் தூக்குல போட்ட கதைதான், நீதிபதி பாலே அப்படித்தான் எழுதுனாருங்கிறான் ஃப்ரெண்டு ஒருத்தன்.
- ஒரு வாசகர், தேவகோட்டை

தம்பி,

பால் விஷயத்தை முதல்ல முடிச்சுருவோம். நம்ம நாட்டு நீதிபதி ராதாபினோத் பால் உக்காந்தது டோக்கியோவுல, ஜப்பானோட பெரிய தலைங்களை விசாரிச்ச கோர்ட்டு. அவங்க மேல போட்ட குற்றம் எதுவும் நிக்காதுன்னு எழுதுனாரு, வாஸ்தவம். ஆனா அட்டூழியம் நடக்கலன்னு எழுதல, அதுக்கு ஏகப்பட்ட சாட்சி இருக்குன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. உங்க ஃப்ரெண்டு பாதி படிச்சிருப்பாரு போல.

நீங்க கேக்குறது சிங்கப்பூர் கேஸுங்க. 1946ல இருந்து 48 வரைக்கும் பிரிட்டிஷ் ராணுவக் கோர்ட்டு அங்க 131 கேஸ் நடத்துச்சு. ஜூரி கிடையாது, ராணுவ ஆபீசருங்களே ஜட்ஜு, சாட்சி நேர்ல வர முடியலன்னா எழுதிக்குடுத்த வாக்குமூலமே போதும். கொஞ்சம் அவசர அடிதான், இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா கண்ணை மூடிக்கிட்டும் தூக்குல போடல, 1943 அக்டோபர் 10ல சிங்கப்பூர்ல ஆளுங்களைப் பிடிச்சுச் சித்திரவதை பண்ண ஆரம்பிச்சதுக்கான 'டபுள் டென்த்' கேஸ்ல கெம்பெய்தாய் (ஜப்பான் ராணுவப் போலீஸ்) ஆளுங்க 21 பேர் நின்னாங்க, 8 பேருக்குத் தூக்கு, 7 பேரை விட்டுட்டாங்க. இன்னொண்ணு, அங்க நடந்த மொத கேஸே பசிபிக் கடல்ல இருக்க பலாவ் தீவுக்குக் கைதியாக் கொண்டுபோன இந்தியச் சிப்பாய்ங்களைப் பத்தினதுதான்.

இப்ப ரயிலுக்கு வருவோம். 415 கிலோமீட்டர், 1942-43ல போட்டது. சண்டையில பிடிபட்ட வெள்ளைக்காரக் கைதிங்க 12,000 பேருக்கு மேல செத்தாங்க, கூலிகளா போன தமிழன், மலாய்க்காரன், பர்மாக்காரன் செத்தது அதைப்போலப் பல மடங்கு. ஆனா கோர்ட்டுக்கு வந்தது பெரும்பாலும் கைதிங்க கதைதான். 'எஃப் ஃபோர்ஸ்'னு ஒரு கைதிங்க கூட்டம், 7,000 பேர் போயி 3,000 பேருக்கு மேல செத்தாங்க, அதுக்குன்னே 1946ல 7 பேர் மேல தனிக் கேஸ். ஏன்னா கைதிங்க கேம்ப்புல ஆபீசருங்க இருந்தாங்க, யாரு என்னிக்கு எதுல செத்தான்னு ஒளிச்சு ஒளிச்சு எழுதி வச்சிருந்தாங்க. எஸ்டேட்டுல இருந்து லாரியில ஏத்திட்டுப் போனவனுக்கு யாரு லிஸ்ட் எழுதுனா? காலராவுல செத்தவனை மொத்தமா ஒரே குழியில போட்டு மூடிட்டா எந்தச் சாட்சி வந்து என்னத்தச் சொல்றது.

எங்க வீட்டுல ரெண்டாங்கட்டுப் பெட்டகத்துல மலாயாவுல மூவார்ங்கிற ஊருல ஐயா வட்டிக்கடை வச்சிருந்த கிட்டங்கியோட பேரேடு ஒண்ணு கிடக்கு, கூடவே ஒரு கட்டு வாழைமர நோட்டு, ஜப்பான்காரன் அடிச்சது, 1945ல ஒரே நாள்ல வெறும் காகிதமாப் போச்சு. போன வருஷம் வெள்ளையடிக்கும்போது எடுத்துப் புரட்டுனேன். ஒரு பக்கத்துல ஏழு பேர், எல்லாம் கங்காணி ஜாமீன்ல கைமாத்து வாங்குனவங்க. பேரு, அப்பன் பேரு, ஊரு, எஸ்டேட்டு, பாக்கி எத்தனை வெள்ளின்னு (மலாயாக் காசு) தமிழ் எண்ணுல அச்சு மாதிரி ஐயா கையெழுத்து. எதிர்ல 'சயாம் போனது. வசூல் இல்லை'. அஞ்சு பேர் சிவகங்கைப் பக்கத்து ஊருக்காரங்க. கடன் பாக்கி இருந்ததால பேராவது மிஞ்சுச்சு.

உங்க ஐயா வீட்டுலயும் இப்படி ஒண்ணு கிடக்கும், பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுறாதீங்க, போட்டோ எடுத்து அனுப்புங்க.